ஒரு பக்கம் மெலிந்த பைப்

அத்தான் நாக்கை நீட்டிக் காட்ட, மரம் கடையும் கடைசல்காரர் குனிந்து பார்த்தார். நடுநாக்கில் வெள்ளையாக ஒரு கொப்புளம்; சுற்றிலும் செக்கச்செவேல் என்று இருந்தது.

“வெள்ளிக்கிழமை சதையை வெட்டி எடுத்துப் பார்க்கணும்னு டாக்டர் சொல்றாரு மாப்ள.”

“பஸ் ஓட்டின வேகத்துல புகையிலை பைப்பையும் இழுத்தா நாக்கு வேகாம என்ன செய்யும்?” என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

“கேட்டியா? என் சாவு வீட்டுலயும் உங்க அக்கா என்னைத்தான் திட்டுவா.” சிரிக்கப் போனவர் வலியில் முகத்தைச் சுளித்தார். பிறகு குரல் இறங்கியது. “வீட்டுப் பத்திரம் எங்க இருக்குன்னு நேத்து சொல்லி வச்சேன். அழுதுட்டா. நீ பார்த்துக்க மாப்ள.”

கடைசல்காரர் மேசைமேல் கிடந்த பைப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

அந்த பைப், அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கடைசல்காரர் தன் கையால் செய்து கொடுத்த பரிசு. எப்போதும் கட்டை சதுரமாக இருக்கும்போதே இடுக்கியில் இறுக்கி உள்ளே துளைத்துவிடுவார். வெளிப்பக்கம் செதுக்குவது அப்புறம்தான். இந்தக் கட்டையின் ரேகைகள் தீ நாக்கு மாதிரி மேலேறின. அதைப் பார்த்துவிடும் ஆசையில் வெளிப்பக்கத்தை முதலில் செதுக்கிவிட்டார். உருண்ட கட்டை இடுக்கியில் நிற்குமா? துளை ஒரு பக்கமாகச் சரிந்தது. புகையிலை எரிகிற குழியின் இடப்பக்கச் சுவர் நகக்கனம்தான் மிஞ்சியது.

சூட்டை வாங்கிக்கொள்வது மரத்தின் கனம்தான். கனம் இல்லாவிட்டால் பைப் கொதிக்கும். அடுப்பில் போட்டிருக்க வேண்டிய கட்டை. மனசு வரவில்லை. கறுப்பு வார்னிஷை மூன்று பூச்சு பூசி மறைத்தார். மரம் விடுகிற கொஞ்சநஞ்ச மூச்சும் அதோடு போயிற்று.

அத்தான் முதல் வாரமே, “ரொம்பச் சுடுதே மாப்ள” என்றார். “நீங்க அவசரமா இழுக்குறீங்க அத்தான்” என்று வாய் கூசாமல் சொன்னது இவர்தான். அதைத்தான் வீடே இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

“அத்தான், ரம்பம் இருக்கா?”

“எதுக்கு?”

“கொடுங்க, சொல்றேன்.”

மேசை விளிம்பில் பைப்பை அழுத்திப் பிடித்து நெடுக அறுத்தார். இரண்டாகப் பிளந்து அத்தானின் கையில் வைத்தார். ஒரு சுவர் விரல் கனம். இன்னொன்று கரிந்து, முட்டை ஓடு மாதிரி இருந்தது.

“இழுத்ததுல தப்பில்ல. துளைச்சதுலதான் தப்பு.”

அத்தான் மெலிந்த சுவரை விரலால் தடவினார். “செய்யும்போதே தெரியுமா?”

“தெரியும்.”

“சுடுதுன்னு நான் சொன்னப்ப?”

“அப்பவும் தெரியும்.”

“அப்ப இது அந்த வியாதி இல்லங்கிறியா?”

“அதை நான் எப்படிச் சொல்ல? டாக்டர் வெட்டிப் பார்க்கட்டும். ஆனா பைப் சுட்ட கதை அவருக்குத் தெரியணும்.”

“பதினஞ்சு நாளா கண்ணை மூடலடா.” அத்தான் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஓங்கி ஒரு அறை கொடுத்திருந்தால் தேவலை என்று இருந்தது கடைசல்காரருக்கு.

“அங்க என்ன அறுக்கிற சத்தம்?” என்றாள் அக்கா.

அத்தான் இரண்டு துண்டுகளையும் அவர் பக்கம் தள்ளினார். “போய் நீயே சொல்லு. நான் சொன்னா அவ நம்ப மாட்டா.”

கடைசல்காரர் எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றார். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“அடுப்பை அணைச்சுட்டு வாக்கா,” என்றார்.