தலைத் திவசம்

மாலை போட்ட படத்தை ஸ்டூலின் மேல் சாய்த்து வைத்ததும், பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்த மூக்கம்மாவின் கை இலையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. படத்தில் இருந்தது மூக்கம்மாதான்.

இந்து அதைக் கவனித்துவிட்டாள். கொடைக்கானலில் வில்பட்டிப் பாதையோரம், வீடு வாசல் இல்லாதவர்களுக்கான அந்த இல்லத்தை நடத்துகிறவள் அவள். படத்தில் இருந்த புருவத்துத் தழும்பு, கம்பளிக் குல்லாவுக்குக் கீழே வெளிறிப்போயிருந்த முகத்திலும் இருந்தது.

"எங்கம்மாவுக்குத் தலைத் தெவசம்ங்க," என்றான் ஆயக்குடி கொய்யா வியாபாரி குமாரவேல். "சண்முகநதியில குளிக்கப் போனவங்க. வெள்ளம் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு. உடம்புகூடக் கெடைக்கல."

சொல்லும்போது பாவம், அவனுக்குக் கண் கலங்கியது. ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையாகிவிட்டது.

நடந்தது வேறு. அவன் மனைவி சத்தியபிரியாவுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. தாலியறுத்தவள் முகத்தில் வெள்ளனே விழிப்பதால் வந்த வினை என்றார் ஜோசியர். படித்த குடும்பம்தான், வீட்டில் கம்ப்யூட்டர்கூட உண்டு. பழைய வேண்டுதல் ஒன்று பாக்கி என்று அம்மாவைப் பழனிக்கு அழைத்துப் போனார்கள். மொட்டை போட்டு அடிவாரத்தில் உட்கார வைத்துவிட்டு, தேங்காய் வாங்கி வருகிறோம் என்று போனவர்கள் வரவே இல்லை. காணாமல் போனவள் என்றால் தேட வேண்டும். செத்துப்போனவள் என்றால் கருமாதியோடு முடிந்தது. ஊரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. இவ்வளவு பரிகாரம் செய்தும் சத்தியபிரியாவின் மடி இன்னும் நிறையவில்லை. அதற்கு ஜோசியர் இனி யாரைக் கைகாட்டுவாரோ!

பழனி பஸ் ஸ்டாண்டில் மொட்டைத் தலையோடு நடுங்கிக் கிடந்தவளை இந்துதான் மலைக்குக் கூட்டி வந்தாள். தன் மகன் பேரை மூக்கம்மா கடைசிவரை சொல்லவில்லை. திவசச் சோற்றைப் பழனியில் போட்டால் எந்த மூலையிலிருந்து அந்த முகம் எழுந்து வருமோ என்று பயந்து, குமாரவேல் அண்டாக்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்திருந்தான்.

"ஆரம்பிக்கலாமே மேடம்," என்றாள் சத்தியபிரியா. "எல்லாரும் எந்திரிச்சு, அத்தை ஆத்மா சாந்தி அடையணும்னு கும்பிடணும். அப்புறம் கம்பளி குடுத்துருவோம்."

போன குளிரில் கம்பளி போதாமல் இந்த இல்லத்திலிருந்து பிணம் போயிருக்கிறது. அந்தப் பயத்தில்தான் இந்து இதற்குச் சம்மதித்திருந்தாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த குடும்பம் அவளுடையது. முகாம் வாசலில் கஞ்சிக்காக அவள் அம்மா கும்பிட்டு நின்றதை அவள் மறக்கவில்லை. மூக்கம்மாவின் அருகே போய்க் குனிந்தாள்.

"பின்பக்கமாப் போயிருவமா அம்மா? நான் ஒன்னும் சொல்லமாட்டேன். உங்க விருப்பம்தானே."

"கம்பளி?"

"அது போகட்டும்."

இந்து நிமிர்ந்தாள். "யாரும் எந்திரிக்க வேணாம். சோத்துக்காகக் கும்பிடச் சொல்ற வழக்கம் இங்க இல்ல. நான் ஒத்துக்கிட்டதே தப்புதானே. கம்பளிய நீங்களே கொண்டுபோங்க."

சத்தியபிரியா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மூக்கம்மா எழுந்துவிட்டாள். குல்லாவைக் கழற்றினாள். மெல்ல நடந்து படத்தின் அருகே போய் நின்றாள்.

"நான் எந்திரிச்சுட்டேன்யா குமாரு."

குமாரவேலின் முகம் செத்துப்போயிற்று. பிறகு அவன் கண் வாசல் பக்கம் போயிற்று.

"அம்மா... வண்டி வெளிய நிக்குது. வாங்க, போவோம்."

"வீட்டுக்கா?" என்று அவன் காதருகே சீறினாள் சத்தியபிரியா.

"மொதல்ல ஏறட்டும்."

மெதுவாகத்தான் சொன்னான். இந்துவின் காதில் அது விழுந்துவிட்டது. வெளியே மூடுபனி ஜீப்பை விழுங்கியிருந்தது. அதற்கப்பால் மலைப்பாதை, வளைவுக்கு வளைவு பள்ளம். கருமாதி முடிந்துபோன ஒருத்தி அந்த வண்டியில் ஏறினால், அவளை எங்கே இறக்கினீர்கள் என்று கேட்க ஊரில் ஒரு நாதி இல்லை. இந்து வாசலை மறித்து நின்றாள்.

"அம்மா சொல்லட்டும்," என்றாள்.

மூக்கம்மா படத்திலிருந்த மாலையைக் கழற்றி மகன் கையில் கொடுத்தாள்.

"செத்தவளுக்கு எதுக்குய்யா வண்டி? ஊரக் கூட்டிச் சோறு போட்டு முடிச்சிட்டீங்கள்ல. திரும்பி வந்தா எல்லாரும் பயந்துக்கிருவாங்க. வெரசாக் கெளம்புங்க, பனி எறங்குது."

சத்தியபிரியா கம்பளிக் கட்டுகளை மறக்காமல் ஜீப்பில் ஏற்றச் சொன்னாள். மாலையும் அவர்களோடு போயிற்று. சோற்று அண்டாக்களும் படமும் மட்டும் இங்கேயே நின்றுவிட்டன. ஜீப்பின் சத்தம் தேய்ந்து மறைந்தது.

இந்துவே கரண்டியை எடுத்துப் பரிமாறினாள். மூக்கம்மாவின் இலையில் சோறு விழுந்த பிறகும் மற்றவர்கள் கை வைக்கத் தயங்கினார்கள். செத்தவளுக்குப் போட்ட சோறு, செத்தவளே பந்தியில் உட்கார்ந்திருக்கிறாள்.

அடுக்கம் கிராமத்துக் கிழவர் பிச்சையாதான் தொண்டையைக் கனைத்தார். "யாரும் சொல்லாம நாமளாக் கும்பிட்டா தப்பில்லைல தாயி? சும்மா சாப்பிட மனசு ஒப்பல. யாருக்காகக் கும்பிட?"

மூக்கம்மா சோற்றைப் பிசைந்தாள்.

"எம் மகனுக்குக் கும்பிடுங்க," என்றாள். "தாயில்லாப் புள்ள."