எட்டுத் தூண் மண்டபம்

அந்த மண்டபத்தால் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் யாருக்கும் காலணா பிரயோஜனம் கிடையாது. உள்ளே புதையல் இல்லை, எதிரி இல்லை, சாவி இல்லை. படகில் ஆற்றங்கரையில் வந்து இறங்கும் ஆட்டக்காரன் குன்றின் மேல் ஏறி, அந்தப் பக்கம் தெரிகிற கலங்கரை விளக்கத்துக்குப் போக வேண்டும். உச்சி மொட்டையாக இருக்கிறதே என்று நடுவில் வைத்த அலங்காரம் அது. எட்டுத் தூண், கவிந்த கூரை, சுற்றிலும் மூன்று படி. சரக்கு அவ்வளவுதான்.

ஆனால் அதைச் செய்தவள் மூன்று வாரம் அதிலேயே குடியிருந்தாள். கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதமாகப் பாறையும் வேலியும் பீப்பாயுமாகச் செய்து போட்டவளை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை. தூணுக்குத் தூண் பாசி வேறு மாதிரி. ஒன்றில் மட்டும் விரிசல். கூரையின் உட்புறம் ஒரு குருவிக்கூடு. அதை எவன் அண்ணாந்து பார்க்கப் போகிறான் என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். பார்க்கத் தெரிந்தவன் பார்ப்பான் என்று சொல்லி அவர் வாயை அடைத்தாள்.

வினை டெஸ்ட்டில் வந்தது. நான்கு பேர் ஆடிப் பார்த்தார்கள். நான்கு பேரும் மண்டபத்துக்குள் போனார்கள். போனவர்கள் லேசில் வெளியே வரவில்லை. இத்தனை வேலைப்பாடு இருந்தால் உள்ளே ஏதோ ஒளித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று தூண் தூணாகத் தட்டினார்கள். ஒருவர் குருவிக்கூட்டைப் பிடிக்க நாற்பது தடவை குதித்தார். இன்னொருவர் வெறுத்துப்போய் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். ஆளுக்குப் பத்து நிமிடம் பாழ்.

அந்த லெவலுக்குப் பொறுப்பான மேலாளரை ஆபீசில் ‘கத்தரி’ என்பார்கள். அவர் எதையாவது சேர்த்து யாரும் பார்த்ததில்லை. மண்டபத்தைத் தூக்கிவிட்டு ஒரு பாறையைப் போடு என்றார். அவளோ எட்டுத் தூணுக்காக ஒற்றைக் காலில் நின்றாள். பாசியை எடுத்துவிடுகிறேன் என்று ஆரம்பித்தாள். கூரையையும் எடு என்றார். கூரை போனால் அது மண்டபமா, எட்டுக் கம்பம் என்றாள். அப்படியானால் கம்பமும் எதற்கு என்றார். இப்படி ஏறி இறங்கி, கடைசியில் இன்னொரு டெஸ்ட் என்பதில் வந்து படிந்தது.

“மூணு மணிக்கு. இந்த லெவல கண்ணாலயும் பாக்காத ஆளா இருக்கணும். ரெண்டு நிமிஷத்துல மண்டபத்த விட்டு வெளிய வந்தா இருக்கட்டும். இல்லன்னா நானே அழிச்சிடுவேன்” என்றார் கத்தரி. “நீ பக்கத்துல உக்காரலாம். வாய மட்டும் தொறக்கக் கூடாது.”

பார்க்காத ஆள் ஆபீசில் மிச்சமில்லை. அவள் நாத்தனாருக்குப் போன் போட்டாள். கணவனின் அக்கா, இரண்டு தெரு தள்ளிப் பாத்திரக் கடை வைத்திருப்பவர், மதியம் நான்கு மணி வரை கடை சாத்தியிருக்கும். தம்பி பெண்டாட்டி கம்ப்யூட்டரில் பொம்மை செய்து சம்பளம் வாங்குகிறாள் என்பது அவர் எண்ணம். அதை அவர் ஒளித்து வைத்ததும் கிடையாது.

நடுவில் மூன்று மணி நேரம் இருந்தது. அதில்தான் அவள் இத்தனை நாள் செய்யாத ஒன்றைச் செய்தாள்: ஆட்டக்காரன் மாதிரிக் குன்றில் நடந்து ஏறினாள். லெவலைக் கட்டும் எடிட்டர் மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் எப்போதும் பருந்து மாதிரி மேலேயிருந்தே பார்த்துப் பழகியவர்கள். தரையில் கால் வைத்தால்தான் தெரிகிறது, ஏறி வருகிறவன் மூஞ்சிக்கு நேரே ஒரு தூண். சுற்றிக்கொண்டு உள்ளே போனால் எதிரே இன்னொரு தூண். கலங்கரை விளக்கம் முழுசாக அதன் முதுகுக்குப் பின்னால். வழி தெரியாதவன் தூணைத் தட்டாமல் வேறென்ன செய்வான்?

மண்டபத்தைக் கொஞ்சம் திருப்பினால் தீர்ந்தது. பட்டனை அழுத்தினாள். அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். மூன்றாம் தடவையும் அதே தூண் அதே இடத்தில், கல்லுப் பிள்ளையார் மாதிரி. மவுஸைத் தட்டினாள், எடிட்டரை மூடித் திறந்தாள், கம்பெனியையே ஒரு சுற்றுத் திட்டித் தீர்த்தாள். நான்காம் தடவை அழுத்தியபோதுதான் விரிசல் விட்ட தூண் இருந்த இடத்தில் இல்லை என்பது கண்ணில் பட்டது. மண்டபம் ஒழுங்காகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. கோணல் வராமலிருக்க எடிட்டரில் ஒரு பூட்டு உண்டு. ஒரு அழுத்துக்கு நாற்பத்தைந்து டிகிரி. எட்டு மூலை உள்ளதை நாற்பத்தைந்து திருப்பினால் ஒரு தூண் போய் அடுத்த தூண் அங்கே வந்து நிற்கும். தலையில் அடித்துக்கொண்டு பூட்டை எடுத்தாள். பாதி கோணம், இருபத்திரண்டரை என்று கையால் எழுதினாள். தூண்கள் விலகின. நடுவில் கலங்கரை விளக்கம், சட்டம் போட்டு மாட்டினாற்போல.

மூன்று மணிக்கு நாத்தனார் வந்தார். எந்த பட்டன் நடக்க, எது குதிக்க என்று வேறொரு லெவலில் பழக்கிக் காட்டினார்கள். டெஸ்ட் ஆரம்பித்ததும் இரண்டு தடவை நேராக ஆற்றுக்குள் நடந்தார். கத்தரி போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் குன்றில் ஏறினார். படி வந்தது. நிற்கவில்லை. இரண்டு தூணுக்கு நடுவே நுழைந்து, எதிரே இரண்டு தூணுக்கு நடுவே பார்த்தார்.

“அதோ லைட் ஹவுஸ்.”

அந்தப் பக்கமாக இறங்கிப் போய்விட்டார். மண்டபத்தில் இருந்தது பதினோரு வினாடி.

“இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கத்தரி அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வந்தது. வந்து பாதியில் நின்றது. பாசியைக்கூடவா பார்க்கவில்லை? நாத்தனார் இதற்குள் கலங்கரை விளக்கத்தின் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினார்.

“சரி, நீ செஞ்சது எப்ப வரும்?”

“வந்துட்டுப் போயிடுச்சு அண்ணி. குன்று மேல, மண்டபம்.”

நாத்தனார் யோசித்தார். “ஆமா, ஏதோ இருந்துச்சு. நல்லாத்தான் செஞ்சிருக்க. வழிய மறைக்கல.”

வாசலுக்கு நேரே ஒரு குடத்தைக்கூட அடுக்க விடாத கடைக்காரர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டுத்தான். ஆனால் அவளுக்குப் போதவில்லை.

“நாலு மணிக்குத்தானே கடை? கொஞ்சம் திரும்பி மேல ஏறுங்க அண்ணி. உள்ள நின்னு அண்ணாந்து பாக்கணும்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“பத்து நிமிஷம்.”

நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மவுஸைத் திருப்பினார். முதலில் ஆற்றுக்குள்தான் போனார். அவள் வாய்க்கு இப்போது பூட்டு இல்லை. இடது பக்கம் என்று வழி சொல்லிக்கொண்டே, குருவிக்கூட்டிலிருந்து ஆரம்பித்தாள்.