பம்புசெட்டில் நின்ற ஆட்டோ

பலராமனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பேட்டரி ஆட்டோ வாங்கியதிலிருந்து இன்னும் நீண்டுவிட்டது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, புகையில்லை, சத்தமில்லை, பெட்ரோல் பங்க் பக்கமே போவதில்லை என்று பெருமை அடித்துக்கொண்டே ஓட்டுவான்.

சார்ஜ் போடுவதுதான் பெரும்பாடு. வேங்கிக்காலில் வீட்டுக்காரர் ஒயரை வெளியே இழுக்கக் கூடாது என்றுவிட்டார். ஊருக்குள் இருந்த சார்ஜிங் ஸ்டேஷன் காருக்கானது. இவன் பிளக் அதில் சேராது. கடைசியில் அடி அண்ணாமலையில் அக்கா தனத்தின் நிலத்துக்குப் போனான். அங்கே இருப்பது விவசாயத்துக்கு அரசாங்கம் தரும் இலவச கரண்ட், மோட்டார் ஓட்ட மட்டும். அக்கா தயங்கினாள். "ஒரு பிளக்குதானக்கா" என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தான். அதன்பின் ராத்திரியானால் அவனும் ஆட்டோவும் பம்புசெட்டுக் கொட்டகையில்தான்.

நேற்று சவாரி ஏறிய ஒருவர், "சார்ஜ் எங்க போடுறீங்க?" என்று கேட்டார்.

"நமக்கென்ன சார், அடி அண்ணாமலையில அக்கா பம்புசெட்டு இருக்குது. ஓசி கரண்டு," என்றான். அவர் சிரிக்கவில்லை. அதைக்கூட இவன் கவனிக்கவில்லை.

இன்று காலை அதே ஆள் கொட்டகை வாசலில் கரண்ட் ஆபீஸ் ஜீப்பிலிருந்து இறங்கினார். பிளக் சொருகியபடியே இருந்தது.

"யாரு சொருகினது?"

தனம் முந்திக்கொண்டாள். "நான்தாங்க. தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

அதிகாரி அவளைப் பார்க்கவில்லை. பலராமனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்ல அது தாராளமான நேரம். பலராமன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தனத்தின் பேரில் கேஸ் எழுதி, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். வெளியே சாமந்தி மொட்டு விட்டிருந்தது. பௌர்ணமிக்குப் பறிக்க வேண்டிய பூ. இந்த வெயிலில் தண்ணீர் இல்லாமல் தாங்காது.

தனம் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. "எந்தப் பாவி போட்டுக் குடுத்தானோ, அவன் வாயில புழு வைக்க," என்றாள்.

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் காது எரிந்தது. ஊரெல்லாம் பேசிய வாய் அக்காவிடம் திறக்கவில்லை.

அவள் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டாள். "நீ எதுக்குடா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு நிக்கிற? நீயாவது நல்லா இருக்கணும்னுதான் அப்படி சொன்னேன். சவாரிக்குப் போ. சார்ஜு ஏறிடுச்சா?"

முழுசாக ஏறியிருந்தது.

"ஏறிடுச்சுக்கா," என்றான். அந்த ஒன்றைத்தான் அவனால் சொல்ல முடிந்தது.