கதாநாயகிக்கு இரண்டு மூக்கு

ஆனித் தேரோட்டம் முடிந்ததிலிருந்து தெருவில் எல்லார் வீட்டு டிவியிலும் கதாநாயகிகளுக்கு இரண்டிரண்டு மூக்கு. கேபிள் டிவி நடத்தும் கார்த்திகேசனால் வெளியே தலைகாட்ட முடியவில்லை.

அவருடைய அக்கா மகள் விஜயஸ்ரீக்கோ கொண்டாட்டம். இன்ஜினீயரிங் கடைசி வருடம். வேகமான சிக்னல், கேபிள்களை இணைக்கும் ஒரு கனெக்டரைக் கடக்கும்போது எவ்வளவு முட்டித் திரும்பும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் அவள் புராஜெக்ட். “கம்ப்யூட்டர் எதை வேணும்னாலும் வரையும். திங்கட்கிழமைக்குள்ள நிஜக் கேபிள்ல காட்டு. இல்லன்னா வேற தலைப்பு” என்று சொல்லிவிட்டார் புரொபசர். அளக்கும் கருவி கல்லூரியில் இல்லை. இப்போது வீட்டு டிவியே கருவி! முட்டித் திரும்பிய சிக்னல் தாமதமாக வந்து சேர்வதால்தானே பக்கத்தில் நிழல் விழுகிறது?

டிவி கண்ணாடியில் ஸ்கேலை வைத்து, மூக்குக்கும் மூக்குக்கும் உள்ள இடைவெளியை அளந்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதை வைத்துக் கணக்குப் போட்டால், சிக்னல் முட்டும் இடம் வீட்டிலிருந்து நூற்றெழுபது மீட்டர். மேல ரதவீதியின் நட்டநடு.

“ஏட்டி, அங்கன கனெக்டரே கிடையாது. ஒரே கேபிளுல்லா ஓடுது!” என்று மாமா சிரித்தார்.

முகம் சுருங்கிப்போய் மறுபடி கல்லூரிக் கம்ப்யூட்டரிடம் ஓடினாள். இத்தனை அழுத்தமான நிழலை எந்த நல்ல கனெக்டரும் தராது. கணக்கில் கனெக்டரைத் தூக்கிவிட்டு, இரண்டு அங்குலம் உரித்து முறுக்கிய வெறும் கம்பியைப் போட்டாள். அச்சு அசல் அதே நிழல்!

“மாமா, அங்கன கம்பியை முறுக்கித்தான் வச்சிருக்கு. சத்தியமா!”

“அந்தரத்துல யாருட்டி போயி முறுக்குவா…” கார்த்திகேசன் வாய் அப்படியே நின்றது. “ஆத்தாடி! தேரு!”

தேருக்கு வழிவிட அவர்தான் கேபிளை வெட்டி இறக்கினார். தேர் நகர்ந்ததும், வடம் பிடிக்க ஓடும் அவசரத்தில் முறுக்கி, டேப் சுற்றி ஏற்றிவிட்டு, அதோடு மறந்தும் போனார். இப்போது ஏணியைத் தூக்கினார். விஜயஸ்ரீ குறுக்கே விழுந்தாள்.

“சரி பண்ணிராதீங்க மாமா! புரொபசர் பாக்கணும்!”

“ஞாயித்துக்கிழமை படத்துக்கும் ரெண்டு மூக்குன்னா என்னை உரிச்சிருவாவட்டி!”

ஞாயிறு மாலை புரொபசர் வந்தார். ஸ்கேலை வாங்கித் தானே அளந்தார். மாமா புதுக் கனெக்டரோடு ஏணியில். தெருமுனையில் நின்ற எதிர்வீட்டுப் பாலம்மாள், வெட்டச் சொல்லி அவருக்குக் கையசைத்தாள். படம் செத்தது, தெரு அலறியது. மறுநிமிடம் படம் வந்தது, ஒற்றை மூக்கோடு.

“தலைப்பை மாத்தவே கூடாதும்மா!” புரொபசர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். “மூணு அங்குலம் உரிச்சா?”

“இன்னும் அழுத்தமா விழும் சார்.”

அவர் வாசலுக்கே ஓடிவிட்டார். “கார்த்திகேசன்! இன்னொரு தடவை வெட்டுங்க!”

“யோவ், யாருவே அந்த ஆளு?” என்றது தெரு.