இடியைத் திருடிய ராஜா

கேதகியின் மூத்த அண்ணன் பொர்தாவுக்குக் கதைப்புத்தகம் என்றாலே இளக்காரம். பத்து வயதிலேயே சரித்திரம், தத்துவம் என்று தாவிவிட்ட மேதாவி. வடக்குக் கல்கத்தாவின் பழைய வீட்டைக் காலி செய்துகொண்டு ஃப்ளாட்டுக்குப் போகிறார்கள். தங்கையின் சிறுவயதுப் புத்தக அலமாரியை எடைக்குப் போடச் சொல்லிவிட்டார்.

"அம்பது வயசுல உனக்கெதுக்குடி பூதமும் ராஜாவும்? ரொம்பப் பிடிச்சதையே எடுத்து இப்பப் படிச்சுப் பாரு. பத்துப் பக்கம் தாண்டமாட்ட."

"தாண்டிட்டா?"

"அலமாரி நம்மகூட வரும். ஆனா நீ சொன்னா நம்பமாட்டேன். பழைய டிராம் டிக்கெட்டைப் பாத்தாலே அழற ஆளு நீ."

"வேற யாரு சொல்லணுமாம்?"

பொர்தா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பயந்துகொண்டேதான் கேதகி 'இடியைத் திருடிய ராஜா'வைத் திறந்தாள். முதல் பக்கங்கள் சப்பென்றிருந்தன. ராஜா வாயைத் திறந்தாலே ஆச்சரியக்குறி. ஆனால் சிறுமி ஜினுக் கையில் விளக்கோடு குளத்தடி அரண்மனைக்குள் இறங்கினாளோ இல்லையோ, கேதகியும் கூடவே இறங்கிவிட்டாள். அன்றைக்கு ஜினுக்குக்காக மட்டும் பயந்தவள், இன்றைக்குக் கரையில் காத்திருக்கும் அவளுடைய அம்மாவுக்காகவும் பயந்தாள்.

ராஜா இடிப்பெட்டியைத் திறக்கப்போகும் நேரம் பார்த்துச் சரஸ்வதி பூஜை வந்தது. வீட்டிலிருந்த புத்தகங்களெல்லாம் தேவியின் காலடிக்குப் போயின, இதுவும் போயிற்று. மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை யாரும் ஓரெழுத்துகூடப் படிக்கக்கூடாது. அதில் பொர்தா மகா கண்டிப்பு. செய்தித்தாளைக்கூட மடித்து ஒளித்துவைப்பவர்.

மதியம் கிச்சுடியும் இலந்தைச் சட்னியும் தின்ற மயக்கத்தில் வீடே கண்ணயர்ந்தது. பிரசாதத் தட்டை எடுக்கப்போன கேதகி பூஜையறை வாசலிலேயே நின்றுவிட்டாள். தேவியின் முதுகுக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடி நழுவ, பொர்தா சம்மணமிட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"பொர்தா!"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கரையான் அரிச்சிருக்கான்னு பாத்தேன்."

"கரையான் எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கு?"

"கிண்டல் பண்ணாதே. ஜினுக் வெளிய வந்துருவாளா?"

"நான் சொன்னாத்தான் நீ நம்பமாட்டியே!"

"ஏய், சொல்லாதே! சொல்லிடாதே!" என்று புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கேதகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஜெயித்துவிட்டாள்! தூங்கிக்கொண்டிருந்த அண்ணிக்குக் கேட்கும்படி கத்தினாள். "பௌதி, ஓடி வா! சரஸ்வதி சாட்சியா உன் வீட்டுக்காரர் மாட்டிக்கிட்டாரு!"

"கத்தாதேடி." பொர்தா தலை நிமிராமலே பக்கத்தைப் புரட்டினார். "புது வீட்ல அலமாரி என் கட்டில் பக்கத்துல இருக்கட்டும்."

"ஆசையப் பாரு! என் ரூம்லதான் இருக்கும். வேணும்னா என்கிட்ட கேட்டு வாங்கிப் படி."