டைனோசர் தபால்தலைகளின் பின்பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஓய்வுபெற்ற சர்வேயர், அவர் மனைவி, சர்வேயரின் தங்கை, ஒரே மகள், மகளின் கணவர், தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவர். மருந்துக்கடைக்காரரும் இருந்தார் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அவர் வாசல்வரை வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். படி ஏறவில்லை.

கூடியதற்குக் காரணம் ஓர் ஆல்பம். அடுத்த சனிக்கிழமை நகர மண்டபத்தில் தபால்தலைக் கண்காட்சி. அதை நடத்தும் சங்கத்துக்கு இந்த ஓய்வுபெற்ற தபால்காரர்தான் செயலாளர். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவதை முன்கூட்டியே சரிபார்ப்பது அவர் பொறுப்பு. சர்வேயரின் ஆல்பத்தில் இருந்தவை நூற்றுப் பன்னிரண்டு தபால்தலைகள், அத்தனையும் டைனோசர். முக்கோண வடிவில் சில, உள்ளங்கை அகலத்தில் சில. கழுத்து நீண்டது, மூன்று கொம்பு வைத்தது, முதுகில் பலகை பலகையாக அடுக்கியது, கோழிபோல் இரண்டு காலில் நின்று பல்லைக் காட்டுவது என்று வகைக்குக் குறைவில்லை. முதுகுப் பலகைகளைச் சர்வேயர் பூதக்கண்ணாடி வைத்து எண்ணியிருக்கிறார். ஒரு நாட்டுக்காரன் பதினேழு போட்டிருக்கிறான், இன்னொருவன் பதினைந்தோடு நிறுத்திவிட்டான், அரசாங்க முத்திரை குத்திய காகிதத்தில் இப்படியா அலட்சியம் காட்டுவது என்று வந்தவர்களிடம் எல்லாம் குறைபட்டுக்கொள்வார்.

குறைபட்டுக்கொள்வதற்கு ஒரு சாக்கு அது. உண்மையில் அவர் சொல்ல விரும்பியது அடுத்த வாக்கியம்: எல்லாம் என் தம்பி கப்பலிலிருந்து அனுப்பியது. துறைமுகம் துறைமுகமாகக் கடிதம் போட்டான், உறையிலிருந்து ஊறவைத்து எடுத்தவை. முப்பது வருடமாகத் தெருவும் உறவும் இதைக் கேட்டிருக்கின்றன. மகளுக்கு வரன் பேசியபோதுகூடச் சித்தப்பா கப்பலில் இருக்கிறார் என்பது தாம்பாளத்தில் வைக்காத சீர்போல் முன்னால் வந்து உட்கார்ந்தது.

கடிதங்களை அவர் பார்த்ததில்லை. தம்பி புறப்பட்ட அன்று, ஆளாகிற வரைக்கும் என் கண்ணில் படாதே என்று அவர் சொல்லியிருந்தார். அதனால் கடிதங்கள் தங்கையின் பெயருக்கே போயின. அவள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தபால்தலையோடு வருவாள், ஆல்பத்தில் அவளே ஒட்டுவாள், தம்பி நன்றாயிருக்கிறான் என்பாள். கடிதத்தைக் காட்டு என்று கேட்பது தன் சொல்லிலிருந்து இறங்கிவருவது ஆகும் என்று சர்வேயர் நினைத்தார். நான்கு வருடத்துக்கு முன் தம்பி கப்பலிலேயே இறந்துபோனான் என்று அவள் வந்து சொன்னபோதும் அவர் அதிகம் கேட்கவில்லை.

மருமகன் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். கண்காட்சிக்காக ஆல்பத்தை நாலு நாள் கடைக்கு எடுத்துப்போய், ஒட்டியிருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, கண்ணாடித்தாள் பைகளில் புதிதாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். வேலை சுத்தமாக இருந்தது. சர்வேயரே அளந்து பார்த்து ஒப்புக்கொண்டார்.

தபால்காரர் முதலில் தபால்தலைகளின் முன்பக்கத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். நாலாவது பக்கத்தில் புன்னகை நின்றது. சாமணத்தால் மூன்று கொம்பனை வெளியே எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் பளபளத்தது. ஈர விரலை ஓரத்தில் வைத்தார். விரலோடு தபால்தலையும் மேலே வந்தது. அடுத்ததை எடுத்தார், அதுவும் ஒட்டிக்கொண்டது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது எந்தக் கவர்லயும் ஒட்டின ஸ்டாம்ப் இல்ல. ஊறவச்சு எடுத்திருந்தா பசை போயிருக்கும். இதுல அப்படியே இருக்கு."

பிறகு முத்திரைகளைக் காட்டினார். கையால் குத்துகிற முத்திரை கண்ட இடத்தில் விழும், மிருகத்தின் கண்ணை மறைக்கும், பாதி உறைக்குப் போகும். இவற்றிலோ மூலைக்கு மூலை கால் வட்டம், அளவெடுத்ததுபோல். சில நாடுகள் அச்சகத்திலேயே முத்திரையும் அடித்து, சேகரிப்பவர்களுக்கென்று பாக்கெட் போட்டு விற்றுவிடும். அவை ஒரு கடிதத்தையும் சுமந்ததில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு தபால்தலையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னொண்ணு. இந்த நாட்டுக்குக் கடலே கிடையாதே சார். கப்பல் எப்படிப் போச்சு?"

"நல்ல மழைக்காலமாப் பார்த்துப் போயிருக்கும்" என்றாள் சர்வேயரின் மனைவி.

சர்வேயர் மருமகனைப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்தார். மகள் இருவரையும் பார்த்தாள். தங்கை பாதி குடித்திருந்த டம்ளர்களையும் சேர்த்து அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று முழுக்கச் சர்வேயரின் மனம் ஒரே கணக்கைப் போட்டது. தம்பி அனுப்பியது உண்மை. இருப்பது பொய். இடையில் ஆல்பம் வெளியே போனது ஒரே ஒரு தடவை, நாலு நாள். நிலத் தகராறில் கல்லை நகர்த்தியவன் எப்போதும் கல்லைப் பார்க்க மாட்டான், தரையைத்தான் பார்ப்பான் என்பது அவருடைய உத்தியோக அனுபவம். மருமகன் ஏன் தரையைப் பார்த்தார்? ஏன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை? புதுப் பைகளை இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்று தானாக முன்வந்ததுகூட இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. நன்றி சொன்னதை நினைத்து அவருக்குக் கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கடைவீதிக்குப் போய் எழுதுபொருள் கடையில் விசாரித்தார். இந்த மாதிரி டைனோசர் பாக்கெட் உங்களிடம் உண்டா, சமீபத்தில் யாராவது மொத்தமாக வாங்கினார்களா, நம் சட்டக் கடைக்காரர் வந்தாரா. கேட்டது அவ்வளவுதான். பக்கத்தில் உறை வாங்கிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரை அவர் பொருட்படுத்தவில்லை.

செவ்வாய்க்குள், மாப்பிள்ளை மாமனாரின் வெளிநாட்டு ஸ்டாம்புகளை மாற்றிவிட்டார் என்று ஆகிவிட்டது. புதன்கிழமை, ஒரு குடும்பம் சட்டம் போடக் கொடுத்திருந்த பழைய படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனது. ஊரில் ஒரே ஒரு பிரதி உள்ள படங்களைத்தான் அந்தக் கடைக்குக் கொண்டுவருவார்கள். நம்பிக்கை போனால் அங்கே விற்பதற்கு வேறு சரக்கில்லை. அன்று மாலை மகள் வந்தாள், உட்காரவில்லை.

"அவர் மாத்தினார்னு நீங்க நினைச்சா என்கிட்ட கேட்டிருக்கலாம். கடைக்காரன்கிட்ட கேட்டீங்க. இனிமே நானும் கடைவீதியிலேயே உங்களைப் பார்த்துக்கறேன்பா."

அவள் போனபின் மனைவி துடைப்பத்தை எடுத்தாள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றிப் பெருக்கினாள். அப்படிப் பெருக்குவது அவளுக்குப் பேசுவதைவிட வசதி.

வியாழன் காலை நல்ல வெயில். சர்வேயர் மேசையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, மருமகன் மேல் குற்றத்தை உறுதிசெய்துகொள்ளவே பூதக்கண்ணாடியை எடுத்தார். மூன்று கொம்பனைத் திருப்பினார். பசைக்கு நடுவில், நகக்கண் அளவுக்கு, பழுப்புக் காகிதத்தின் நார் ஒட்டியிருந்தது. அடுத்ததிலும். முதுகில் பலகை வைத்ததிலும். நூற்றுப் பன்னிரண்டையும் திருப்பினார், நூற்றுப் பன்னிரண்டிலும் இருந்தது. தங்கை தபால்தலையைத் தாளில் பொருத்துவதற்குப் பள்ளிக்கூடத்துப் பழுப்பு உறையைக் கத்தரித்து மடித்து ஒட்டுவாள். அந்த நார்தான். சிலவற்றில் அது பசையோடு பசையாக நிறம் மங்கி, வருடக்கணக்கில் ஊறிப்போயிருந்தது.

ஆக, எதுவும் மாறவில்லை. முப்பது வருடமாக ஆல்பத்தில் இருந்தவை இவைதான். கல் நகரவே இல்லை. முதல் அளவே தப்பு.

அன்று மாலை தங்கை வீட்டுக்குப் போனார். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மூன்று கொம்பனை அவளுக்கு முன்னால் குப்புற வைத்தார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மாப்பிள்ளை மாத்தலை" என்றார்.

"மாத்தறதுக்கு வேற ஒண்ணு இருந்தாத்தானே அண்ணா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி துறைமுகம்வரை போனது உண்மை. கண் பரிசோதனையில் அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை, மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வரட்டுமா என்று தங்கைக்கு எழுதினான். அதற்குள் சர்வேயர் அலுவலகத்தில், தெருவில், உறவில் எல்லாம் கப்பல் என்று சொல்லி முடித்திருந்தார். வராதே என்று அவள்தான் பதில் எழுதினாள். மூன்று மணி நேர பஸ் பயணத் தூரத்தில் ஒரு சிறிய எழுதுபொருள் கடை போட்டான். கடிதம் வந்ததா என்று அண்ணி கேட்டபோது கையில் காட்ட ஏதாவது வேண்டுமே என்று, அவன் கடையில் விற்ற பாக்கெட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் டைனோசர் இருந்தது தற்செயல். சர்வேயர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது என்ன மிருகம் என்று கேட்டார். அவர் கேட்டதைத் தம்பியிடம் சொன்னாள். அதற்கப்புறம் எந்தப் பாக்கெட் வந்தாலும் பூவும் பறவையும் விற்பனைக்குப் போயின, டைனோசர் அண்ணனுக்கென்று தனியே போயிற்று.

"கப்பல்ல செத்தான்னு சொன்னியே."

"கடையில. நாற்காலியில உக்காந்தபடி."

"எந்தத் தெரு?"

அவள் சொன்னாள். சாலை விரிவாக்கத்துக்காக அவர் சங்கிலி பிடித்து அளந்த தெரு அது. அகலம் இருபத்திரண்டு அடி. அது உடனே நினைவுக்கு வந்தது. கடை எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நீங்க அளந்த நாலு நாளும் அவன் கதவைச் சாத்திட்டு உள்ளேயே இருந்தான். வெளியே உங்க குரல் கேட்டுதாம். அண்ணனுக்கு இருமல் இருக்கு, பார்த்துக்கன்னு எனக்கு எழுதினான்."

மருமகனுக்கும் தெரியும் என்றாள். கழற்றும்போதே பசையைக் கவனித்து அவளிடம் வந்து கேட்டிருக்கிறார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். தானும் இனிச் சொல்லப்போவதில்லை என்றாள். அண்ணன் விரும்பினால் கப்பல் கப்பலாகவே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை சர்வேயர் மருமகனின் கடைக்குப் போனார். வேலைக்கு வந்த படங்களை மாட்டும் சுவரில் ஆணிகள்தான் வரிசையாக இருந்தன. மருமகன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தீங்க?"

"சின்னம்மாவுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். என் வாயால வராது மாமா. உங்க வாயால வரணும்னும் நான் கேக்க மாட்டேன்." சுவரைக் காட்டி, "ஆனா இந்த மாசம் ஆணிக்குத்தான் சட்டம் போடணும்" என்றார்.

திரும்பும் வழியில் சர்வேயர் நிதானமாக நடந்தார். சும்மா இருந்தால் குடும்பத்தின் பெயருக்குப் பழுதில்லை, மருமகன் திருடன் என்பது நாளாவட்டத்தில் மங்கிப்போகும். வாய் திறந்தால் முப்பது வருடப் பேச்சு பொய். தெருமுனையில் எழுதுபொருள் கடை வந்தது. திருட்டுப் பேச்சு தன் வாயிலிருந்து கிளம்பியது இந்தக் கடை வாசலில்தான் என்று நினைத்தபோது, பழுது ஏற்கனவே விழுந்துவிட்டது, எந்தப் பக்கம் என்பதுதான் தனக்குத் தெரியாமல் இருந்தது என்று புரிந்தது.

சனிக்கிழமை மண்டபத்தில் நல்ல கூட்டம். தபால்காரர் ஆல்பத்தை வைக்கத் தயங்கினார், சர்வேயர்தான் வைக்கச் சொன்னார், ஆனால் ஒரு பக்கம் முழுக்கத் தபால்தலைகளைக் குப்புறத் திருப்பி வைக்கச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்து, அசல் எல்லாம் போச்சே, வீட்டு மாப்பிள்ளையே இப்படிச் செய்யலாமா என்று நாலு பேர் காதில் விழும்படி அனுதாபப்பட்டார்.

சர்வேயர் நிமிர்ந்து நின்றார்.

"யாரும் எதையும் எடுக்கல. அசல் இதுதான். என் தம்பி கப்பலுக்குப் போகல, நான்தான் போனான்னு சொல்லிட்டேன். மூணு மணி நேரத் தூரத்துல கடை வச்சிருந்தான். என் மாப்பிள்ளையைப் பத்திக் கடைவீதியில கேட்டதும் நான்தான். சந்தேகம் இருந்தா என்கிட்ட கேளுங்க, நின்னு பதில் சொல்றேன்."

மருந்துக்கடைக்காரர் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். கண்ணாடிப் பெட்டியின் மறுபக்கம் மகள் நின்றிருந்தாள். அவள் அப்பா பக்கம் வரவில்லை, ஆனால் போகவும் இல்லை.

தம்பி இத்தனை வருடமும் சிறையில் இருந்தார், அதை மறைக்கத்தான் கப்பல் கதை என்று இப்போது ஒரு பேச்சு நடமாடுகிறது. பொய். அவர் பென்சிலும் நோட்டும் தபால்தலையும் விற்றார். ஞாயிறு மட்டும் விடுமுறை.