அறுநூற்று நாற்பத்தொரு விரற்கடை

எகிப்தின் தும்யாத் நகரத்தின் முதல் நூறு வலைப்பூக்கள் என்ற பட்டியல் இணையத்தில் ஏறிய வியாழக்கிழமை மாலை, அதில் முதலிடம் பிடித்த உஸ்தாத் நாகி, தன் அப்பாவின் சோபாக்கடை வாசலில் உட்கார்ந்தபடியே, தங்கமுலாம் பூசிய சோபாவோடு சேர்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு விரற்கடை உயரத்துக்கு எழும்பினார். எதிர்வீட்டு முதல் மாடி பால்கனியில் முலூகியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள், தங்களுக்கு நேரே வந்து நின்ற மனிதரைப் பார்த்துத் தட்டை நகர்த்திவைத்து, "வாங்க உஸ்தாத், உக்காருங்க" என்றார்கள். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்று அவர் பதில் சொன்னார். இது நடந்தது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, ரமலான் முடிந்து கொய்யாப்பழம் மலிந்திருந்த வாரத்தில்.

கணக்கு எளிமையானது. உங்கள் வலைப்பூவுக்கு இன்னொருவர் ஓர் இணைப்பு கொடுத்தால், நீங்கள் உட்கார்ந்து எழுதுகிற இடம் ஒரு விரற்கடை, அதாவது ஒரு விரல் அகலம், எழும்பும். பட்டியல் போட்டவர் ஷவ்கி. எடை அளவு அலுவலகத்தில் தராசுகளுக்கு முத்திரை குத்துகிற ஆய்வாளர், நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவர். சொந்த அக்கா புருஷனின் கறிக்கடைத் தராசு பத்து கிராம் பொய் சொன்னது என்று அதைப் பூட்டி சாவியை எடுத்துக்கொண்டு வந்தவர். அப்படிப்பட்டவர் போட்ட பட்டியல் என்பதால் ஊர் அதை நம்பியது, ஊர் நம்பியதால் நாற்காலிகள் எழும்பின என்று சிலர் சொல்வார்கள். நெட் கஃபேயில் பதினாறு மேசைகளும் பதினாறு உயரத்தில் நின்றன; முதலாளி ஏணி வைத்துக்கொண்டு டீ பரிமாறினார். முடிதிருத்துபவர் ஒருவர், இருபதாம் இடத்துக்காரருக்குக் குனியாமல் சவரம் செய்ய முடிகிறது என்று மகிழ்ந்து, தன் முதுகுவலி போனதைப் பற்றி ஒரு வலைப்பூ தொடங்கி, தானும் நான்கு விரற்கடை ஏறினார். இறங்குவதற்கு எல்லோருக்கும் ஏணி இருந்தது. ஆனால் உஸ்தாத் நாகி இறங்கவில்லை. தான் இறங்கினால் அந்த சோபாவில் வேறு எவனாவது ஏறிக்கொள்வான் என்ற பயம். கூடையைக் கயிற்றில் இறக்கி ரொட்டி வாங்கிக்கொண்டார். அவர் எழுதிய கவிதைகளை அவர் மனைவிகூட படித்ததில்லை. ஆனால் அவருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இணைப்பு கொடுத்திருந்தார்கள், ஏனென்றால் அவரும் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார். நீ ஒன்று போடு, நான் ஒன்று போடுகிறேன், யாருக்கும் நட்டமில்லை. நடு ஆற்றில் போகிற படகுக்காரன் கரையில் நிற்பவனைச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுவதும் இந்த வகைதான்.

மரச்செதுக்குப் பட்டறைகளுக்குப் பின்னால், ஒரே அறையும் அதற்குள்ளேயே சமையலும் கொண்ட வீட்டில் இருந்த இன்ஷிரா மட்டும் தரையிலேயே இருந்தாள். பெண்கள் பள்ளியில் சோதனைச்சாலை உதவியாளர், வயது முப்பத்தாறு. 'ஒழுகும் குழாய்' என்ற அவளுடைய வலைப்பூவில் ஒழுகும் குழாயை அடைப்பது, துவைக்கும் இயந்திரத்தின் ஆட்டத்தை நிறுத்துவது, குளிர்பெட்டிக் கதவைக் கவ்வ வைப்பது ஆகியவற்றை மூன்று வருடமாக எழுதிவந்தாள். ஊரே படித்தது. ஒருவர்கூட இணைப்பு கொடுக்கவில்லை. இதில் பகை ஒன்றும் கிடையாது. தும்யாத்காரன் நல்ல பாலாடைக்கட்டி விற்கிற கடையைக் கண்டுபிடித்தால், பெற்ற பிள்ளையிடமும் சொல்லமாட்டான். சொன்னால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் விலை ஏறும். இலவசமாகக் கிடைக்கிற ஒன்றுக்கு விலை எப்படி ஏறும் என்று யாரும் யோசிக்கவில்லை. பழக்கம் என்றால் பழக்கம்தான். பக்கத்து வீட்டு உம்மு ரிஃபாஅத், இன்ஷிரா எழுதியதை வரிக்கு வரி பார்த்து இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டு, இன்ஷிராவின் முகத்துக்கு நேராகவே, "மன்சூராவுலேருந்து ஒரு மெக்கானிக் வந்தான் கண்ணு, கைராசிக்காரன்" என்றாள். அன்றைக்கு இன்ஷிராவுக்கு வந்தது கோபம் அல்ல, அவமானம்.

இந்த நிலையில்தான் ஷவ்கி ஒரு பெட்டி முஷப்பக் மிட்டாயோடு வந்து, தன்னைக் கட்டிக்கொள்வாளா என்று கேட்டார். பட்டியலுக்காக ஒவ்வொரு வாரமும் நானூறு வலைப்பூக்களைப் படித்த அந்த மனிதர், இரண்டாவது தடவை படித்தது அவளுடையதை மட்டும்தான்.

"மூணு வருஷமா எழுதறேன் உஸ்தாத் ஷவ்கி. இந்த ஊர்ல பாதிக் குழாய் என் பேச்சத்தான் கேக்குது. ஒரு வாய், ஒரே ஒரு வாய், இன்ஷிரா சொன்னான்னு சொல்லியிருக்கா? பட்டியல்ல என் பேர் வரட்டும். மிட்டாய அப்பப் பிரிக்கலாம்."

"உங்களுக்கு ஒரு இணைப்புகூட இல்லீங்களே."

"நீங்க ஒண்ணு குடுங்களேன்."

"தராசு பாக்கறவன் தட்டுல விரல் வெக்கலாமா?"

"அப்ப மிட்டாய எடுத்துட்டுப் போங்க. எறும்பு வந்துரும்."

அவர் எடுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள்.

மறுவாரம் ஷவ்கி வழக்கம்போல் முத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போனார். கறிக்கடைக் குழாயில் சைக்கிள் டியூப் பட்டை சுற்றி, அதன்மேல் நீல நூல் கட்டியிருந்தது. பழச்சாறுக் கடைக் குழாயிலும் அப்படியே. இன்ஷிரா முதன்முதலில் அந்த வைத்தியத்தை எழுதியபோது அவள் வீட்டில் இருந்தது நீல நூல் என்பதால் நீல நூல் என்று எழுதியிருந்தாள். வெள்ளையும் கட்டலாம், கட்டாமலும் விடலாம். ஷவ்கி எண்ண ஆரம்பித்தார். நான்கு நாளில் எழுபத்து மூன்று கடைகளில் நீல நூல். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் எழுபத்து மூன்று பேரும் மன்சூரா மெக்கானிக்கைச் சொன்னார்கள். கவிஞர் நாகி சொல்லி யாராவது எதையாவது செய்தார்களா என்றும் கேட்டுப்பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் மட்டும், கூடையில் ரொட்டி வைக்கச் சொன்னார், வைத்தேன் என்றார். அன்று ஷவ்கி நடுத்தெருவில் முத்திரைப் பெட்டியின்மேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். ஊரிலேயே மிகப் பெரிய பொய்த் தராசு தன்னுடையதுதான். அது வாய் சொன்னதை எடைபோட்டது, கை செய்ததை எடைபோடவில்லை. ஆனால் இப்போது கணக்கை மாற்றி அவளை மேலே ஏற்றினால், பெண் கேட்கப் போனவன் செய்த வேலை என்று ஊர் சிரிக்கும். அவள் பெயரும் அதோடு போகும்.

ஆகவே அடுத்த வியாழக்கிழமை பட்டியல் வரவில்லை. அந்த இடத்தில், எடைபோடத் தெரியாமல் போட்டுவிட்டேன், இனி பட்டியல் கிடையாது, மன்னிக்கவும் என்று மூன்று வரி இருந்தது. ஊர் முழுக்க அறிந்த ஒரே பெருமையை அப்படித் துடைத்துப் போட்டுவிட்டு, தராசைக் கைவிட்ட மனிதராக அவர் தனக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கினார். அதில் எழுதியது இவ்வளவுதான்: என் வீட்டுக் குழாயை அடைத்தது இன்ஷிரா சொன்ன வழி. நீல நூலும் அவர் சொன்னதே. கீழே ஓர் இணைப்பு.

இன்ஷிரா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தம்ளரில் தண்ணீர் தளும்பியது. வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். எழுதுகிற இடம் என்று தனியே ஒன்று இல்லாததால், வீடே ஒரு விரற்கடை எழும்பி நின்றது. அந்த இடுக்கில் எறும்புகள் வரிசையாக, ஒரு தடையும் இல்லாமல், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள், சந்தோஷமாக.

அதற்குப்பின் நடந்ததை தும்யாத்காரர்களைத் தெரிந்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். கடையின் பெயர் வெளியே வராத வரைதான் ரகசியம். வந்துவிட்டால், முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று சண்டை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கறிக்கடைக்காரர் தான் முதல் வருடத்திலிருந்தே படிப்பதாக எழுதி இணைப்பு கொடுத்தார். பழச்சாறுக் கடைக்காரர், தான் அதற்கும் முன்பே என்றார், அப்போது அந்த வலைப்பூ பிறக்கவே இல்லை என்றபோதிலும். வீடு குலுங்கிக் குலுங்கி ஏறியது. வலைப்பூ இல்லாதவர்கள் அவசரமாகத் தொடங்கினார்கள். "நான் கட்டின நீல நூல்தான் பழசு, பாரு, வெளுத்தே போச்சு!" என்று குழாயைக் கழற்றித் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார் ஒருவர். சனிக்கிழமை இன்ஷிராவின் ஜன்னலுக்கு வெளியே புறாக்கள் வந்தன, ஞாயிற்றுக்கிழமை நைல் தெரிந்தது. திங்கட்கிழமை உம்மு ரிஃபாஅத் கீழே நின்று, "அந்த மெக்கானிக் செத்துட்டான் கண்ணு!" என்று கத்தினாள். அவளுடையதுதான் கடைசி இணைப்பு. வீடு அறுநூற்று நாற்பத்தொரு விரற்கடையில் நின்றது. அதே நேரத்தில் உஸ்தாத் நாகிக்குக் கொடுத்திருந்த இணைப்புகளை, பட்டியல் இல்லாதபோது அவை வெளியே கிடந்து என்ன ஆகப்போகிறது என்று அவரவர் எடுத்துக்கொண்டதால், சோபா மெல்லத் தரைக்கு வந்தது. அவர் எழுந்து முட்டியைத் தடவிக்கொண்டு, நிம்மதியாகக் குளிக்கப் போனார்.

அந்த உயரத்துக்கு எந்த ஏணியும் எட்டவில்லை. தச்சர்கள் கூடிப் படிக்கட்டு அமைத்தார்கள். இந்த ஊர்த் தச்சர்களுக்குச் சாதாரணமாக ஒன்றைச் செய்யவே வராது என்பதால், கைப்பிடியில் திராட்சைக் கொடியும் சிங்கமுகமும் தங்கமுலாமும் வந்தன. படி ஒன்றுக்குப் பத்து விரற்கடை, மொத்தம் அறுபத்து நான்கு படிகள். மேஸ்திரி கத்தாஸ் கடைசிப் படியை அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து முகம் வாடினார்.

"ஒரு விரற்கடை குறையுதும்மா. ஒரு பலகை வெச்சு அடிச்சுத் தந்துடறேன்."

"வேண்டாம் அண்ணே. அது முதல்ல வந்த விரற்கடை, இருக்கட்டும்."

ஷவ்கி புதுப் பெட்டி மிட்டாயோடு மூச்சுவாங்க ஏறி வந்தார். பழக்கதோஷம், படிகளை எண்ணிக்கொண்டே வந்தார். அறுபத்து நான்காம் படியில் நின்று, வாசலுக்கும் படிக்கும் நடுவே மிச்சமிருந்ததைப் பார்த்தார். குனிந்து தன் விரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது. நிமிர்ந்து மிட்டாய்ப் பெட்டியை அவளிடம் நீட்டினார்.

"உள்ள வாங்க. டீ ஆறுது" என்றாள் இன்ஷிரா.

வீடு இன்னும் அங்கேதான் இருக்கிறது, இருவரும் அதில்தான் குடியிருக்கிறார்கள். வெயில் காலத்தில் தண்ணீர் ஏறுவது கொஞ்சம் சிரமம். வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் அந்த ஒரு விரற்கடையில் கால் இடறிக்கொள்கிறார்கள். தபால்காரர் இரண்டு முறை புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். பலகை வைத்துச் சரிசெய்யச் சொன்னால், அளவு சரியாகத்தான் இருக்கிறது என்கிறார் ஷவ்கி.